மில்லுக்கு ஒரு டிக்கெட்

மைக் அக்கா வாயைத் திறந்தால் பேருந்து நிலையத்துப் புறாக்கள்கூடக் கழுத்தைத் திருப்பிக் கேட்கும் என்பார்கள். அது பொய்யாக இருக்கலாம். ஆனால் "பயணிகள் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கவும்" என்று அவள் ஒரு தடவை சொன்னபோது, பயணிகளோடு சேர்ந்து நடைமேடையில் படுத்திருந்த நாயும் எழுந்து இரண்டடி பின்னால் போய்ப் படுத்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த நிலையத்தில் சிவப்பு விளக்கு எழுத்துகள் ஓடுகின்றன. அப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு குரல்தான். ஆட்டோ ஓட்டுநர்கள் அந்தக் குரலை வைத்தே மணி பார்த்தார்கள். பின்தெருவில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் "ஏழாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்பதைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கின. அதில் ஒரு குழந்தை முதன்முதலில் பேசிய சொல் "அம்மா" இல்லை, "வழியாக" என்று அதன் அத்தை சத்தியமே செய்தாள்.

மைக் அக்கா உட்காரும் அறை, ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு துளை. அதுதான் விசாரணை ஜன்னல். மேஜையில் வளைந்த கழுத்தோடு மைக், எச்சில் படாமல் இருக்க அதன் தலையில் கட்டிய கைக்குட்டை, பக்கத்தில் ஒரு பழுப்பு நிற சுவிட்ச். மூலையில் மேஜை ஃபேன். அறிவிப்பு செய்யும்போதெல்லாம் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கே புயல் வருவதுபோல் ஒலிபெருக்கியில் கேட்கும். அறையின் மறுபக்கம் டைம்கீப்பரின் மேஜை. எந்தப் பேருந்து எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். நிலையத்தில் சிரிப்பு எப்போது வர வேண்டும் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது. அத்தனை நையாண்டிக்காரர்.

ஒவ்வொரு பேருந்தும் கிளம்புமுன் அது நிற்கும் இடங்களை எல்லாம் வரிசையாகச் சொல்வதுதான் மைக் அக்காவின் வேலை. வாய்ப்பாடு மாதிரி அவளுக்கு அத்தனையும் மனப்பாடம். "ஆற்றுப்பாலம், பழத்தோட்டம், மரமில் வழியாகக் கல்குவாரி செல்லும் ஏழாம் எண் பேருந்து…"

பழத்தோட்டத்துக்கும் மரமில்லுக்கும் நடுவில் இன்னொரு நிறுத்தம் இருந்தது. மனநல மருத்துவமனை. கம்பமும் பலகையும் நிழற்குடையும் சிமெண்டு பெஞ்சும் உள்ள சரியான நிறுத்தம். அதன் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. மைக் அக்காவுக்கு முன்னால் இருந்த கனத்த குரல்காரரும் சொன்னதில்லை. மைக்கே இல்லாத காலத்தில் தகரக் குழலை வாயில் வைத்துக் கத்தியவரும் சொன்னதில்லையாம். அவர்கள் சொல்லிக்கொடுத்த வரிசையை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அந்த நிறுத்தத்தில் கண்டக்டர்கள் விசில் அடிக்கமாட்டார்கள். குறுக்கே மாடு வந்ததுபோல் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். இறங்க வேண்டியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே குதித்துவிட வேண்டும். அந்தத் தைரியம் இல்லாதவர்கள் அடுத்த நிறுத்தமான மரமில்லுக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, பேருந்து கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி நடப்பார்கள். அப்படி நடந்தவர்கள்தான் அதிகம்.

இதைக் கவனித்துவிட்டு டைம்கீப்பர் ஒரு கேலியைக் கண்டுபிடித்தார். யாராவது கொஞ்சம் உளறினால், "இவனுக்கு மில்லுக்கு ஒரு டிக்கெட் குடுங்கப்பா!" என்பார். அது பற்றிக்கொண்டு ஓடிற்று. பள்ளிக்கூடத்தில், சந்தையில், கல்யாண வீட்டில், எங்கேயும் மில்லு டிக்கெட்தான். இதில் உண்மையாகவே மில்லில் வேலை பார்த்தவர்கள் பாடு பரிதாபமாகிப்போனது. "நான் நிஜமாவே மரம் அறுக்கத்தான் போறேங்க" என்று பேருந்தில் ஒவ்வொருவருக்கும் விளக்க முடியுமா? கையில் ஒரு பலகைத் துண்டோடு ஏற ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் ஏழாம் எண் பேருந்து காடு நகர்ந்து போவதுபோல் போயிற்று. மில் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் அடுப்புக்கு விறகு வாங்குவதையே விட்டுவிட்டார். வருகிறவர்கள் கட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தால் அவருக்கென்ன, வலிக்கிறதா?

மைக் அக்காவும் அந்தக் கேலிக்கு வயிறு குலுங்கச் சிரித்தவள்தான். ஒரே ஒரு தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கண்டக்டர் அந்த ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தார். நன்றாகக் குணமாகித்தான் வந்தார். டிப்போவில் அவரைப் பயணிகள் பக்கமே விடவில்லை. தோல்பையை வாங்கிக்கொண்டு கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து, பஸ் கழுவும் இடத்தில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை கழுவினார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மைக் அக்காவுக்கே அது வந்தது.

காரணம் கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை கிடையாது. புருஷன் டிப்போவில் மெக்கானிக், எண்ணெய்க் கையோடு வந்து சமையலுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிற ரகம். மாமியாருக்கு வாய் நீளம், அது தெருவுக்கே தெரிந்த பழைய சேதி. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. முதலில் தூக்கம் போயிற்று, பிறகு பசி. சீப்பை எடுத்தால் கை தலைவரைக்கும் ஏற மறுத்தது. துவைத்த துணிகள் மடிக்காமல் கட்டிலில் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவளும் ஒரு துணிபோலக் கிடந்தாள்.

எதிர்வீட்டுக்காரி, "ரெண்டு சினிமாவுக்குப் போ, எல்லாம் பறந்துடும்" என்றாள். அடுத்த வீட்டுக்காரி, "இன்னொரு புள்ள பெத்துக்க" என்றாள். மாமியார், "சும்மா ஒக்காந்தா இப்படித்தான்" என்று பரணில் இருந்த பாத்திரத்தை எல்லாம் இறக்கித் தேய்க்கப் போட்டாள். மெக்கானிக்கும் தன் பங்குக்கு, "மனசத் தளரவிடாத, தைரியமா இரு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் அவள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். ஃபேனை நிறுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். ஒரு சொல்லும் வரவில்லை. நிலையம் முழுக்க அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டுநர்கள் என்ஜினை உறுமவிட்டபடி எட்டிப் பார்த்தார்கள். டைம்கீப்பர் வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "தொண்டை கட்டிக்கிச்சா? வீட்டுக்குப் போம்மா" என்றார். வழக்கமாகச் சொல்லக்கூடிய அந்தக் கேலியை அன்று ஏனோ சொல்லவில்லை.

மறுநாள் புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, என்னை வீட்டுல தனியா விட்டுட்டுப் போகாதீங்க. எனக்கு என்னைப் பாத்தாலே பயமா இருக்கு."

மெக்கானிக் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வண்டி சூடாகி நடுரோட்டுல நின்னா, 'தைரியமா இரு'ன்னா சொல்லிட்டுப் போறேன்? பானெட்டைத் திறந்து பாக்கறேன்ல? உனக்கு மட்டும் இத்தனை நாளா வெறும் வாயாலயே ரிப்பேர் பாத்திருக்கேனே, நான் ஒரு மடையன். கெளம்பு."

"எங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "மில்லுக்கு."

போகிற அவசரத்தில் கையில் அகப்பட்ட மரச்சாமானைத் தூக்கிக்கொண்டார். அது அவர் அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலி. பேருந்தில் ஏறியதும் நெட்டைக் கண்டக்டர், "என்ன மச்சான், குடும்பத்தோட மில்லுக்கா? முக்காலிக்கு என்ன கேடு?" என்றான்.

"காலு ஆடுது" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணும் ஆடலயே?"

"ஒக்காந்தாத்தான் ஆடும். டிக்கெட்டைக் குடுடா!"

மில்லில் இறங்கி, முக்காலியை டீக்கடையில் போட்டுவிட்டு, இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். வழியெல்லாம் மரத்தூள் வாசனை. அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்; எழுந்திரு என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா நெடுநேரம் கேட்டாள். கடைசியில் மெக்கானிக் பொறுக்க முடியாமல், "எந்தப் பார்ட் போச்சு டாக்டர்?" என்றார்.

"எதுவும் போகலைங்க. இதுக்கு மனச்சோர்வு நோய்னு பேரு. இவங்க சோம்பேறியும் இல்ல, கோழையும் இல்ல. காரணமே இல்லாமலும் வரும். மருந்து இருக்கு, உக்காந்து பேசறது இருக்கு. நாளாகும், ஆனா சரியாகும். கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும். அப்புறம் மாசாமாசம் வரணும். நல்லாயிட்டேன்னு நீங்களா பாதியில நிறுத்திடக்கூடாது, என்ன?"

"வண்டியப் பாதி ரிப்பேர்ல எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவளைப் படுக்கவைத்த கூடத்தில் நீலப் போர்வைகள், உயரமான ஜன்னல்கள். ஒரு பக்கத்துக் காற்றில் பழ வாசனை வரும், இன்னொரு பக்கத்துக் காற்றில் மரவாசனை வரும். பல காலம் கழித்தும் பழுத்த கொய்யாவை முகர்ந்தால் மைக் அக்காவுக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் கசப்பு இருக்காது. முதலில் தூக்கம் திரும்பி வந்தது. பிறகு பசி. பிறகு பக்கத்துக் கட்டில் அம்மாள், "நீ பஸ் ஸ்டாண்டுல பேசுறவளாமே? எங்களுக்கு ஒரு பஸ்ஸு விடேன்" என்று கேட்க, மெல்லிய குரலில் அவள் ஏழாம் எண்ணை விட்டாள். ஆற்றுப்பாலம், பழத்தோட்டம், மரமில், கல்குவாரி.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை.

"ஏம்மா, தோட்டம் வந்துச்சு, மில்லும் வந்துச்சு. நடுவுல நாம இத்தனை பேரு இருக்கோமே, நம்மள எங்க விட்ட?"

 மைக் அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அத்தனை வருஷம் வாய்ப்பாடாகச் சொன்ன வரிசை அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. சேதி டிப்போவுக்குத் தெரிந்தால் மைக் போய்விடும், தண்ணீர்க் குழாய்தான் கையில் கிடைக்கும் என்று மெக்கானிக்குக்குக் குலைநடுக்கம். டிப்போவில் "தொண்டையில ஆபரேஷன்" என்று சொல்லிவைத்தார். மாமியார் தெருவில் "கண்ணுல ஆபரேஷன்" என்று சொல்லிவைத்தாள். தையற்கடை வைத்திருந்த மைக் அக்காவின் தம்பி, கடைக்கு வந்தவர்களிடம் "அக்கா கப்பல்ல சித்தி வீட்டுக்குப் போயிருக்கா" என்று விட்டான். மூன்று பேரும் ஒரு வார்த்தை கலந்து பேசிக்கொள்ளவில்லை. பொய் சொல்வதற்கும் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

அவள் திரும்பி வந்த அன்று மூன்று கட்சிகளும் ஒரே நேரத்தில் நலம் விசாரிக்க வந்து சேர்ந்தன. டிப்போ ஆட்கள் தேன் பாட்டிலோடு வந்து, "பேசாதீங்கக்கா, தொண்டை புண்ணு ஆறட்டும்" என்றார்கள். எதிர்வீட்டுக்காரி முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தனைன்னு சொல்லு பாப்போம்" என்றாள். தையற்கடை வாடிக்கையாளர் ஒருத்தி, "கப்பல்ல வாந்தி வந்துச்சா? எனக்கு என்ன வாங்கியாந்தே?" என்று பையைத் துழாவினாள். மெக்கானிக் சுவரைப் பார்த்தார். தம்பி ஊசியில் நூல் கோக்கிறவன்போல் குனிந்துகொண்டான்.

மாமியார்தான் சமாளித்தாள். "கப்பல்ல போறப்ப உப்புக்காத்து கண்ணுல அடிச்சிடுச்சு. ஐயோன்னு கத்துனதுல தொண்டையும் போயிடுச்சு. ரெண்டையும் அங்கயே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. போதுமா? காப்பி குடிங்க எல்லாரும்!"

மாமியார் அவசரமாக எடுத்துக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கையில் தேன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த மைக் அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. அழுகை என்று பயந்தாள். சிரிப்பு. அது எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்தது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். "தொண்டைப் புண்ணுல சிரிக்கறா பாரு!" என்று டிப்போ ஆட்கள் அதட்டினார்கள்.

அவள் மைக்குக்குத் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆபரேஷன் கைராசி என்று பேசிக்கொண்டார்கள். மாதாமாதம் ஒரு நாள் லீவு போட்டு, மில்லுக்கு டிக்கெட் எடுத்து, கட்டையோடு இறங்கித் திரும்பி நடந்தாள். அந்தப் பாதையில் முன்னும் பின்னும் ஆட்கள் போவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தெரிந்தவர் வந்தால் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிய வேண்டும், மற்றவர் முந்திப் போய்விட வேண்டும். யாரும் எழுதாத சட்டம் அது, யாரும் மீறியதில்லை.

ஒரு நாள் அவள் திருப்பத்தில் வேகமாகத் திரும்பி ஓர் ஆளின் மீது முட்டிக்கொள்ளப் பார்த்தாள். கக்கத்தில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு நின்றவர் டைம்கீப்பர். இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார்கள். தலையும் தலையும் மோதியது. முந்திப் போக ஆளில்லாமல் சட்டம் அங்கேயே குழம்பிப்போனது.

"மரம் வாங்க வந்தேன்" என்றார் அவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"நானும் மரம்தான் சார்."

"மில்லு அந்தப் பக்கம்."

"ஆமா சார். உங்களுக்கும் அந்தப் பக்கம்தான்."

இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். ஆஸ்பத்திரி மதில் தெரிந்தபோது அவர் சொன்னார்: "என் தம்பி உள்ள இருக்கான். நல்ல படிப்பாளி. சின்ன வயசுலயே காதுல ஏதோ குரல் கேக்குதுன்னான். நாங்க நம்பல, அடிச்சோம். ரொம்ப லேட்டாத்தான் கூட்டிட்டு வந்தோம். இப்ப பரவால்ல. தச்சு வேலை கத்துக்கறான். இந்தப் பலகை அவனுக்குத்தான்."

"சார், அந்த மில்லு டிக்கெட் கேலி…"

"நான்தான் கெளப்பிவிட்டேன். ஊர்ல எவனாவது கண்டுபிடிச்சுக் கேலி பண்றதுக்கு முன்னாடி நாமளே பண்ணிட்டா, நம்ம மேல சந்தேகம் வராதுல்ல?" என்றவர், அவளைப் பார்க்காமலேயே, "உன் தொண்டை, கண்ணு, கப்பல், மூணும் எனக்கு அப்பவே தெரியும். நான் வாயத் திறக்கல. நீயும் திறக்காத. திறந்தா உன் மைக்கு போயிடும், என்னால காப்பாத்த முடியாது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவளும் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் எண்ணை மட்டும் சொல்லும்போதெல்லாம் பழத்தோட்டத்துக்கு அப்புறம் நாக்கில் ஏதோ இடறும். பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும்.

ஒரு மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரம், விசாரணை ஜன்னலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கூட அவர் மகள். நனைந்த சேலை, எதையும் பார்க்காத கண்கள். அந்தக் கண்கள் மைக் அக்காவுக்கு நன்றாகப் பழக்கமானவை. கண்ணாடியில் அவளே பார்த்தவை.

"அம்மா!" என்றார் பெரியவர் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி. "மனசுக்கு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும்?"

மைக் அக்கா துளையருகே குனிந்து, "ஏழாம் நம்பர்ல ஏறுங்க. மில்லுன்னு டிக்கெட் எடுங்க. எறங்கி, திரும்பி நடந்து போங்க" என்று கிசுகிசுத்தாள்.

"என்னம்மா? எனக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லு."

அவள் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். அவர் கேட்கவில்லை என்று கையை ஆட்டினார்.

"காலையிலேருந்து இதே கதைதாம்மா! கண்டக்டரைக் கேட்டேன், காதுக்கிட்ட வந்து முணுமுணுன்னான். பக்கத்து சீட்டுக்காரரு உதட்டை மட்டும் அசைச்சாரு. குவாரி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டோம், ரெண்டு தடவை. பழக்கடையைக் கேட்டா ஊரே கத்துது, பள்ளிக்கூடத்தைக் கேட்டா ஊரே கத்துது. இது ஒண்ணை மட்டும் ஏம்மா எல்லாரும் ரகசியமாச் சொல்றீங்க? எனக்கு ரகசியம் காதுல விழாதும்மா. இவ என்கூட வரேன்னு இன்னிக்கித்தான் சொல்லியிருக்கா. நாளைக்குச் சொல்லுவாளான்னு தெரியல."

மகள் சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்துவிட்டாள். மில்லிலிருந்து அவள் நடக்கமாட்டாள். மைக் அக்காவுக்கு அது தெரியும்.

அவள் டைம்கீப்பரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தம்பிக்காக வைத்திருந்த ஒரு பலகை சுவரில் சாய்ந்திருந்தது.

அவள் ஃபேனை நிறுத்தினாள். சுவிட்சைப் போட்டாள்.

"ஆற்றுப்பாலம், பழத்தோட்டம்…"

ஒரு மூச்சு. ஒலிபெருக்கி அத்தனையிலும் அந்த மூச்சு கேட்டது.

"…மனநல மருத்துவமனை, மரமில் வழியாகக் கல்குவாரி செல்லும் ஏழாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. ஐயா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மனநல மருத்துவமனை வாசலிலேயே பேருந்து நிற்கும். மகளை அழைத்துக்கொண்டு ஏறுங்கள்."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "இப்பக் கேக்குது!" என்றார்.

 புறாக்கள் கழுத்தைத் திருப்பினவா என்று யாரும் கவனிக்கவில்லை. நெட்டைக் கண்டக்டர் மழையில் ஓடி வந்து ஜன்னலில் முகத்தை ஒட்டினான்.

"என்னக்கா, புதுசா ஸ்டாப்பு விடறீங்க? அங்க நிறுத்துனா யாரு எறங்குவா?"

"நான் எறங்குவேன்" என்றாள் மைக் அக்கா. "மாசாமாசம் மாத்திரை வாங்க அங்கதான் போறேன். தொண்டையும் இல்ல, கண்ணும் இல்ல, கப்பலும் இல்ல. அங்கதான் படுத்திருந்தேன். எனக்குச் சரியாயிடுச்சு. விசில் அடிச்சு நிறுத்துடா, பெரியவரு எறங்கணும்."

சுவிட்ச் அணைக்கப்படவில்லை. அத்தனையும் ஊருக்கே கேட்டது. பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று மாமியார் கடைசிவரை சாதித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த சுவிட்சை மறந்தவள் இல்லை என்பது மெக்கானிக்கின் கட்சி. அவளைக் கேட்டால் சிரிப்பாள்.

டைம்கீப்பர் எழுந்து வந்தார். இப்போது சுவிட்சை அணைப்பார், அவளை எழுந்திருக்கச் சொல்வார் என்று கண்டக்டர் நினைத்தான். அவர் மைக் பக்கம் குனிந்தார்.

"மழைச் சத்தத்துல சிலருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லும்மா."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மழையில் நடந்து, அதே பேருந்தில் ஏறினார். "எனக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு" என்று கேட்டாராம். கண்டக்டருக்கு எந்த டிக்கெட்டைக் கிழிப்பது என்றே தெரியவில்லை. அந்த இடத்துக்கு அவன் டிக்கெட் கிழித்ததே கிடையாது.

அன்று மாலை மாமியார் வாசலிலேயே காத்திருந்தாள். "ஏண்டி, நான் எவ்வளவு பாடுபட்டுக் கப்பலையும் கண்ணையும் ஒண்ணா முடிச்சுப் போட்டேன்! இப்படி ஒரே நிமிஷத்துல அவுத்துட்டியே!"

"கோவமா அத்தை?"

"கோவம் இல்லடி. இனிமே தெருவுல என்னை நம்புவாங்களா?"

நம்பினார்கள். அதைவிட, ஒவ்வொருத்தியாகக் கொல்லைப்பக்கம் வந்து, "எங்க வீட்டுலயும்…" என்று ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள்.

விஷயம் டிப்போவின் மேலிடத்துக்கும் போயிற்று. "அந்தம்மா கையில மைக்கைக் குடுத்து வெச்சிருக்கீங்களே, நாளைக்கு ஊர் முன்னாடி எதையாவது உளறினா?" என்று கேட்டபடி ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். தானே கேட்டு முடிவெடுப்பதாகச் சொல்லி நடைமேடையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெக்கானிக் டிப்போவில் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அக்கா மைக்கின் கைக்குட்டையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். ஆனால் வண்டிகள் வந்தால் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது ஒரு பேருந்து பின்பக்கமாக வந்தது.

"பயணிகள் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கவும்."

அதிகாரி இரண்டடி பின்னால் போனார். பக்கத்தில் பார்த்தால், நாயும் போயிருந்தது. அவர் நாயைப் பார்த்தார், நாய் அவரைப் பார்த்தது. கண்ணாடிக்குள் டைம்கீப்பர் மேஜைக்கடியில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். அதிகாரி தொண்டையைக் கனைத்து, "குரல் தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மைக் அவளிடமே இருந்தது. பஸ் கழுவியே ஓய்வு பெற்ற அந்தக் கண்டக்டருக்கு மட்டும் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதை நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வராது.

அடுத்த மாதம் அவள் கிளம்பும்போது மாமியாரும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீ ஆஸ்பத்திரியில எறங்கு. நான் ஒண்ணும் உனக்காக வரல. என் முக்காலியை வாங்கத்தான் வரேன்." ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் விசில் அடித்ததும் அவளும் கூடவே இறங்கி, மருமகள் மாத்திரை வாங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் இருவரும் மில்லுக்கு நடந்தார்கள். டீக்கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்: கட்டையோடு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள், விறகு வாங்க வேண்டியிருக்கிறது. மாமியார் அவரை எழுப்பிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டாள். கால் உண்மையாகவே ஆடத் தொடங்கியிருந்தது.

எல்லாம் பழங்கதை. கண்ணாடி அறை இடிக்கப்பட்டு அங்கே தண்ணீர் பாட்டில் கடை வந்துவிட்டது. டைம்கீப்பர் போய்விட்டார், அவர் தம்பி செய்த நாற்காலிகள் ஊரில் பல வீடுகளில் இருக்கின்றன. மைக் அக்கா ஓய்வு பெறுவதற்குள் இயந்திரம் வந்தது. நல்லவேளையாக, அதற்குள் போட அவள் குரலையே பதிவு செய்துகொண்டு போனார்கள்.

அந்தக் குரல்தான் இன்றும் ஒலிக்கிறது. ஏழாம் எண் வரும்போது பழத்தோட்டத்துக்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விழும். காதைத் தீட்டிக் கேட்டால் அதில் ஒரு மூச்சு இருக்கும். இயந்திரத்தில் கோளாறு என்று புது ஆட்கள் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் அகப்படவில்லை. மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் பழைய பயணிகள் மட்டும் அந்த இடத்தில் ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறார்கள். பெயர் வந்ததும் பேருந்தில் ஏறிக்கொள்கிறார்கள்.